எல்லாருக்கும் தெரிந்த மஸ்கட்

இங்கிலாந்தில் நம்மோடு ஓர் ஆள் வந்து வழிகாட்டி, மதியச் சாப்பாடும் கட்டிக் கொடுத்து, வாரம் முழுக்க நடக்க வைப்பார்கள் என்று என் தோழி முதன்முதலில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்போது நாங்கள் பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

"நடக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? இங்கேயே ஏரி இருக்கு, நாய் இருக்கு, குப்பை இருக்கு" என்றேன்.

"அங்க அதுக்குப் பேரே ஹாலிடே கணே" என்றாள். அவள் கன்னடக்காரி. தமிழ் பேசும்போதும் பாதி வாக்கியங்களில், நம் 'டீ' மாதிரி, ஒரு 'கணே' வந்து ஒட்டிக்கொள்ளும். "மெதுவாத்தான் நடப்பாங்களாம். நடுவுல டீ. சாயந்திரம் வந்தா சுடுதண்ணி, மெத்தை. என் தங்கச்சி எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கா. நம்மள மாதிரி முட்டிவலிக்காரங்களுக்குன்னே ஒரு ஈஸி கிரேடு இருக்காம்."

அவளுடைய தங்கை லண்டனுக்குப் பக்கத்தில் இருந்தாள். எனக்கு எங்கள் பேட்டையான மர்பி டவுனை விட்டால் பெங்களூர், பெங்களூரை விட்டால் திருப்பதி, அவ்வளவுதான் உலகம். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரே கம்பெனி பஸ், ஒரே டிபன் கேரியர் என்று இருந்தவர்கள். என் மகளும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். "போயிட்டு வாம்மா. நீ எங்கதான் போயிருக்கே?" என்று அவளும் சொன்னாள். சரி என்றேன்.

அந்தத் தோழியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தூரமாக எங்கும் போய்விடவில்லை. பெங்களூரிலேயே, ஸ்ரீராம்புரத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் போட்டார். எங்கள் தெருமுனையில் பஸ் ஏறினால் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ஒரு தடவை மாற வேண்டும், அவ்வளவுதான் தூரம். அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். ஆபீஸில் கேட்டார்கள். அப்போது யார் வீட்டிலாவது ஒருவர் கல்ஃபுக்குப் போய்க்கொண்டே இருந்த காலம். மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று சொன்னேன். முதலில் இரண்டு வருஷக் கான்ட்ராக்ட் என்றேன். பிறகு நீட்டித்துவிட்டார்கள் என்றேன். அப்புறம் நீட்டிப்பைப் பற்றி நான் சொல்லவே தேவைப்படவில்லை.

தோழியிடம் சொன்னது கேன்டீனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம். அழுதுகொண்டிருந்தேன், அவள் தேடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் உள்ளங்கையில் தன் கையை அடித்து, "யாருக்கும் சொல்லமாட்டேன், ப்ராமிஸ் கணே" என்றாள். அன்றைக்கு அவள் மட்டும் வரவில்லையென்றால் நான் வேலையை விட்டிருப்பேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை, அவர் லீவில் வந்து போனதாக ஒரு கணக்கு. அதற்காக நானும் அவளும் நேஷனல் மார்க்கெட்டுக்குப் போவோம். வெளிநாட்டுச் சோப்பு, பேரீச்சம்பழ டப்பா, ஆரஞ்சு ஜூஸ் பவுடர் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரரிடம் உருதுவில் பேரம் பேசுவது அவள்தான். மறுநாள் காலையில் செக்ஷனில் ஒவ்வொரு மேஜைக்கும் பேரீச்சம்பழம் போகும். "மஸ்கட் பழமா? இதோட ருசியே தனி மேடம்" என்று எங்கள் சூப்பிரண்டெண்ட் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். நானும் தோழியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வோம். பத்து வருஷம் இப்படிப் போயிற்று. அந்தப் பொய்யில் எனக்கு ஒரு துணை இருந்தது என்பதுதான் எனக்கிருந்த தைரியம்.

பயணம் கிளம்புமுன் பிரிகேட் ரோட்டில் பூட்ஸ் வாங்கினோம். புது பூட்ஸோடு ஏரியைச் சுற்றினோம், கால் பழகட்டும் என்று. ஐம்பத்தோரு வயதில் முதன்முறையாகச் சல்வார் கமீஸ் தைத்துக்கொண்டேன். தையல்கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "காலேஜ் ஹுடுகி மாதிரி, சின்னப் பொண்ணு மாதிரி இருக்கே" என்று அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது இங்கிலாந்தின் மேற்குப் பக்கம், ஆடுகள் மேயும் குன்றுகளுக்கு நடுவில் ஒரு பழைய பெரிய வீடு. தேன் நிறத்துக் கல்லில் கட்டியது. எங்களோடு பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். வழிகாட்டி உயரமான ஓர் அம்மாள். நீளமான எட்டு வைத்து முன்னால் போவார். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள அவருடைய கணவர் கடைசியில் வருவார். நான் எப்போதும் அவருக்கு ஓரடி முன்னால்தான்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் மூன்று நாள் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. வயலுக்கு வயல் நடுவே மரவேலி. அதில் ஏறி இறங்க இரண்டு பலகைப் படி. அதைத் தாண்டினால் அடுத்த வயல். யார் நிலத்திலோ நாம் பாட்டுக்கு நடக்கிறோம், ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆட்டுக்குட்டிகள் அம்மாவின் வயிற்றில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருக்கும், நம்மைப் பார்த்தாலும் ஓடாது. மே மாதத்தில் அந்தக் குளிர் எங்கள் ஊர் டிசம்பர் காலை மாதிரி. ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்துக் கட்டிக் கொடுத்ததை, கூடக் கொண்டுபோயிருந்த பருப்புப்பொடி தூவி இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

கூட நடந்தவர்கள் என்னிடம் காட்டிய பரிவு எனக்குப் புதிதாக இருந்தது. படியில் ஏறும்போது ஒரு பெரியவர் கை கொடுப்பார். ஒருவர் தன் ஊன்றுகோலை எனக்கே கொடுத்துவிட்டார். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மாள், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் தன் சாக்லேட்டில் பாதியை உடைத்து என் கையில் வைப்பார். என் மகளைப் பற்றி ஆசையாகக் கேட்பார்கள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெங்களூரில் ஆட்டோ டிரைவர்கூடக் கேட்கிற கேள்வி அது. மஸ்கட்டை மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தேன், அவிழ்க்கவே தேவைப்படவில்லை. வெள்ளைக்காரர்கள் அடுத்தவர் விஷயத்தில் தலையிட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை நிம்மதியாக இருந்தது தெரியுமா.

நாலாம் நாள் மதியம் ஒரு சிறிய சர்ச்சின் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாய்ந்து கிடந்த பழைய கல்லறைக் கற்கள், நடுவில் மஞ்சள் பூக்கள். தோழி தூரத்தில் வழிகாட்டி அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தாள். நர்ஸ் அம்மாள் என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போலச் சாக்லேட்டை உடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது" என்றார். "என் கணவரும் இப்படித்தான் இன்னொருத்தியோடு போனார். ஆனால் அவர் வேறு ஊருக்காவது போய்த் தொலைந்தார். ஒரே ஊரில் வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி இத்தனை வருஷம் தாங்கினீர்களோ!"

அவர் ஆங்கிலம் எனக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று ஒரு கணம் நினைத்தேன். புரிந்துதான் இருந்தது. வாயில் சாக்லேட் கரைந்துகொண்டிருந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

அவர் முகம் சட்டென்று சிவந்துவிட்டது. "ஐயோ, உங்கள் தோழிதான்… முதல் நாள் சாயங்காலம். நீங்கள் மாடியில் இருந்தீர்கள். எங்கள் எல்லோரிடமும் சொன்னார். உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்!"

எங்கள் எல்லோரிடமும். கை கொடுத்த பெரியவர், ஊன்றுகோல் கொடுத்தவர், கடைசியில் நடந்த வழிகாட்டியின் கணவர், எல்லோரும் வரிசையாக என் கண்ணெதிரே வந்தார்கள். மூன்று நாளாக எனக்குக் கிடைத்தது எல்லாம் இதற்காகத்தானா? நான் பெருமையாக வீட்டுக்குப் போன் செய்து, "எல்லாரும் என்னை எவ்வளவு நல்லா பார்த்துக்கறாங்க தெரியுமா" என்று மகளிடம் சொன்னது ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

மதியத்துக்குமேல் ஒரு நீண்ட ஏற்றம். அன்றைக்குத்தான் நான் வேகமாக நடந்தேன். முட்டி வலித்தது தெரியவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டிப் போய், ஒரு வேலிப் படியருகே தோழியைப் பிடித்தேன். வழிகாட்டி அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்களை அழைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

"இவங்ககிட்ட எல்லாம் சொன்னியா?" என்றேன்.

என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. "யார் சொன்னது? அந்த நர்ஸா?" என்றாள்.

"நீ சொன்னியா இல்லையா?"

"நான் உன்னைப் பத்திக் கெட்டதா ஒண்ணும் சொல்லலை கணே. சும்மா நினைச்சுப் பாரு. இவங்க யாராவது உன்கிட்ட ஹஸ்பெண்ட் எங்கேன்னு கேட்பாங்க. நீ மஸ்கட் கதைய எடுப்பே. அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படிப் போகும்னு எனக்குத்தானே தெரியும்? இங்கயாவது நீ அந்தக் கஷ்டம் இல்லாம இருக்கட்டும்னு முதல்லயே சொல்லிட்டேன். கேட்காதீங்கன்னு சொன்னேன். ஆபீஸ்லயும் அப்படித்தானே…"

அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதால்தான் எனக்குப் புரிந்தது.

"ஆபீஸ்லயா?"

அவள் வேலியின் மரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"சொல்லு. ஆபீஸ்ல யாருக்குச் சொன்னே?"

"செக்ஷன்ல எல்லாருக்கும் தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொதல்லேர்ந்தே. நீ என்கிட்ட சொல்லி ஒரு மாசம் இருக்கும். அந்த டைப்பிஸ்ட் உன்னைக் குடைஞ்சு குடைஞ்சு கேட்டுட்டிருந்தா, ஞாபகம் இருக்கா? எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம், எப்ப வருவார்னு. நீ பாத்ரூம்ல போய் அழுதே. அன்னிக்குத்தான் நான் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சு சொன்னேன். இனிமே யாரும் அவளைக் கேட்கக்கூடாதுன்னு. அப்புறம் யாராவது கேட்டாங்களா? சொல்லு."

கேட்கவில்லைதான். யாரும் கேட்கவில்லை.

"அந்தப் பேரீச்சம்பழம்?" என்றேன். "தெரிஞ்சுகிட்டேவா எல்லாரும் தின்னாங்க? தெரிஞ்சுகிட்டேவா நீ என்கூட மார்க்கெட்டுக்கு வந்தே?"

"உனக்கு அது வேணும்னு இருந்துச்சு. நான் என்ன செய்யட்டும்?" என்றாள். அவளும் அழ ஆரம்பித்திருந்தாள்.

நான் அழவில்லை. எனக்கு அந்த சூப்பிரண்டெண்டின் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மஸ்கட் பழமா, இதோட ருசியே தனி. மேஜைக்கு மேஜை நான் டப்பாவோடு போனதையும், அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டதையும், அவர் எப்போது திரும்ப வருகிறார் என்று கேட்காததையும் பத்து வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தலை நிமிர்ந்து வேலைக்குப் போனதாக நினைத்த வருஷங்கள் அவை.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "எல்லாருக்கும் தெரியும், போதும் விடுன்னு ஒரு வார்த்தை."

நான் படியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். கை கொடுக்க வந்த பெரியவரைப் பார்க்காதது போல் நடந்தேன்.

இரண்டு பேருக்கும் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் பேசினாள், நான் தேவையானதற்கு மட்டும் பதில் சொன்னேன். அந்த ஊர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தக் குன்றுகளும் ஓடைகளும் என்ன செய்யும், பாவம். ஆனால் ஒவ்வொரு முறை யாராவது எனக்காகக் கதவைத் திறந்து பிடிக்கும்போதும் முதுகில் எதுவோ ஊர்வது போல இருந்தது.

கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். ஒவ்வொருவரும் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று வழிகாட்டி அம்மாள் சொன்னார். சிலர் பூக்களைப் பற்றிப் பேசினார்கள், ஒருவர் மழையைப் பற்றி வேடிக்கையாகப் பேசினார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"என் கணவரும் கூட வந்திருக்க வேண்டியது" என்று ஆரம்பித்தேன். "மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை. அவருக்கு நடப்பது என்றால் உயிர். அடுத்த வருஷம் அவரையும் அழைத்துக்கொண்டு வருவேன்."

ஏன் அப்படிப் பேசினேன் என்று இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வேண்டுமென்றேதான் பேசினேன். ஒருவர் விடாமல் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே பேசினேன். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஊன்றுகோல் கொடுத்தவர், "மஸ்கட்டில் இப்போது வெயில் கடுமையாக இருக்குமே" என்று அன்பாகச் சொன்னார். இன்னொருவர், "கட்டாயம் அழைத்து வாருங்கள்" என்றார். நர்ஸ் அம்மாள் மட்டும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். என் செக்ஷன் ஆட்களின் முகங்களை இத்தனை வருஷம் கழித்து நான் அங்கேதான் பார்த்தேன். பொய்யைக் கேட்டுக்கொண்டு அன்பாக இருக்கும்போது மனிதர்கள் முகம் அப்படித்தான் ஆகிறது.

தோழி தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

பெங்களூர் வந்து இறங்கி, ஆளுக்கொரு ஆட்டோவில் ஏறினோம். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன். அவளுக்கு அப்பா எங்கே இருக்கிறார் என்பது தெரியும். பத்தாவது படிக்கும்போது நானே சொல்லியிருந்தேன், வெளியில் மூச்சு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. அவள் என் பக்கம் நின்று கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டாள்தான்.

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?" என்றாள். "ஆண்ட்டிக்கு, உன் ஆபீசுக்கு, எல்லாருக்கும்? என் கிளாஸ்ல உன் ஆபீஸ் அங்கிள் ஒருத்தரோட பொண்ணு படிச்சா. அவதான் எனக்கு இருந்த ஒரே ஃப்ரெண்டு. அவகிட்டகூட நான் மஸ்கட்னுதான் சொன்னேன். அவளுக்கும் தெரிஞ்சிருக்கும் இல்ல? அதனாலதான் ஒருநாள், 'நீ என்னை ஃப்ரெண்டாவே நினைக்கலை'ன்னு சொல்லிட்டுப் போனா. ஏன்னு எனக்கு இவ்வளவு நாள் தெரியலைம்மா."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பூட்ஸைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலாந்தில் வராத அழுகை அப்போது வந்தது. தோழி மேல் இருந்த கோபம் அன்றைக்கு இரண்டு மடங்கானது. என் மகள் இழந்ததற்கும் சேர்த்து அவளையே குற்றவாளி ஆக்கினால் எனக்குச் சுலபமாக இருந்தது என்பதும் உண்மைதான்.

ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவள் சில மாதம் போன் செய்தாள். "அம்மா குளிக்கிறாங்க ஆண்ட்டி" என்று மகள் சொல்வாள். பிறகு மகளே ஒருநாள், "எத்தனை தடவைம்மா குளிப்பே?" என்று கேட்டாள். அதற்குள் போனும் நின்றுவிட்டது.

நாலைந்து வருஷம் கழித்து, பழைய செக்ஷனைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக் கல்யாணம். மல்லேஸ்வரத்தில் ஒரு சத்திரம். பந்தியில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவள் வந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது, சாயம் போடுவதை விட்டிருந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தபடி, "முட்டி எப்படி இருக்கு?" என்றாள்.

"இருக்கு. மாடிப்படி ஏறினா வலிக்குது."

"எனக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. மகள் எப்படி இருக்கா?"

"கல்யாணம் ஆயிடுச்சு."

"கேள்விப்பட்டேன்" என்றாள். நான் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. அதை அவள் சொல்லிக் காட்டவில்லை. கோசம்பரி வந்தது, பல்யா என்ற பொரியல் வந்தது, சாதம் வந்தது. எதிர்வரிசையில் எங்கள் பழைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததில் அவர்களுக்கு சந்தோஷம். ஒருவர் கையைத் தூக்கி ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

"இன்னும் கோபமா கணே?" என்றாள், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்னைத் தேடி வந்தவள் அவள் ஒருத்திதான். அதை நான் மறக்கவில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பரிமாறுகிறவர் பாயசத்தோடு வந்தபோது, எனக்கு இன்னொரு கரண்டி போடச் சொன்னாள். போட்டார். சாப்பிட்டேன். கை கழுவப் போன இடத்தில் கூட்டம் அதிகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவளைக் காணவில்லை.